ஒரு கொத்து அரிசியின் விலை



அரசாங்கங்கள் எடுக்கும் பொருளாதார முடிவுகளும் வெளிநாட்டுக் கொள்கை முடிவுகளும் சாதாரண குடிமக்களின் அடுப்படி வரை எப்படி வந்து சேருகின்றன என்பதே எமது வானொலியின் இம்மாத உரைக்கான விடயம். "பொருளாதாரக் கொள்கை" என்ற சொல்லைக் கேட்டதும் வானொலியின் குமிழைத் திருகிவிடத் தோன்றும் என்பது எமக்குத் தெரியும். ஆகவே அந்தச் சொல்லை ஒரு பக்கம் வைத்துவிட்டு, அரிசியிலிருந்து தொடங்குவோம்.

எம்மவர் வீடுகளில் மூத்தவர்கள் கூடிக் கதைக்கும்போது "சிறிமா காலம்" என்ற பேச்சு எப்படியோ வந்துவிடும். யாழ்ப்பாணத்துச் செம்மண் பகுதியில் பிறந்த ஒருவர், "சிறிமா காலத்தில்தான் எங்கள் வீட்டில் கல்வீடு எழும்பியது" என்பார். மலையகத்தில் பிறந்து வவுனியா வழியாக இங்கு வந்து சேர்ந்த இன்னொருவர், "சிறிமா காலத்தில்தான் எங்கள் லயத்தில் பட்டினிச் சாவு விழுந்தது" என்பார். கேட்டுக்கொண்டிருக்கும் பிள்ளைகளுக்குக் குழப்பமாக இருக்கும். இருவரில் யார் சொல்வது உண்மை?

இரண்டும் உண்மை. ஒரே அரசு ஒரே ஆண்டில் எடுத்த ஒரே முடிவு, ஒரு பானையை நிரப்பி இன்னொரு பானையைக் கவிழ்த்தது. அது எப்படி நடந்தது என்று விளங்க வேண்டுமானால் சற்றுப் பின்னோக்கிப் போக வேண்டும்.

பர்மா அரிசி

பிரித்தானியர் ஆட்சியில் இலங்கை ஒரு விநோதமான நாடாக வளர்ந்தது. நல்ல நிலமும் மழையும் இருந்தும், உண்ணும் அரிசியில் பாதிக்கு மேல் கப்பலில்தான் வந்தது. பெரும்பங்கு பர்மாவிலிருந்து. தேயிலை, இறப்பர், தெங்குப் பொருட்களை விற்று, அந்தக் காசில் அரிசி வாங்குவது என்பதே ஏற்பாடு. இந்த ஏற்பாட்டை இலங்கை மக்கள் யாரும் கேட்டுப் பெறவில்லை. பேரரசின் வர்த்தகக் கணக்குக்குப் பொருந்தியது, அவ்வளவுதான்.

1942 மார்ச்சில் யப்பானியப் படைகள் ரங்கூனைக் கைப்பற்றின. பர்மா அரிசி நின்றது. அந்த ஆண்டிலேயே இலங்கையில் அரிசிப் பங்கீடு தொடங்கியது. வீட்டுக்கு வீடு ஆட்களை எண்ணிக் கூப்பன் புத்தகம் கொடுக்கப்பட்டது. சங்கக்கடை வாசலில் பையுடன் வரிசையில் நிற்கும் பழக்கம் அன்று தொடங்கியதுதான். போர் 1945 இல் முடிந்தது, கூப்பன் முடியவில்லை. அது 1979 வரை வெவ்வேறு வடிவங்களில் நீடித்தது. ஒரு தலைமுறை கூப்பனுடன் பிறந்து, கூப்பனுடன் வளர்ந்து, கூப்பனுடனேயே தம் பிள்ளைகளையும் பெற்றது.

சீனாவுக்கு இறப்பர், இலங்கைக்கு அரிசி

1948 இல் இலங்கை சுதந்திரம் பெற்றது. 1950 இல் கொரியப் போர் வெடித்தது. போருக்கு இறப்பர் வேண்டும். அதன் விலை எகிறியது. இலங்கையின் கையில் காசு புரண்டது. ஆனால் அந்தச் செழிப்பு நிலைக்கவில்லை. 1952 இல் இறப்பர் விலை விழுந்துகொண்டிருந்தபோது, உலகச் சந்தையில் அரிசி விலை ஏறியதுடன் அரிசி கிடைப்பதும் அரிதாயிற்று.

அன்று ஆட்சியில் இருந்தது ஐக்கிய தேசியக் கட்சி. கம்யூனிசம் என்ற சொல்லைக் கேட்டாலே முகம் சுளிக்கும் கட்சி. அமெரிக்காவிடம் நியாயமான விலைக்கு இறப்பரை வாங்கும்படியும் அரிசி தரும்படியும் கேட்டுப் பார்த்தது. திருப்தியான பதில் வரவில்லை. அப்போது வர்த்தக அமைச்சராக இருந்த ஆர்.ஜி. சேனநாயக்கா சீனாவின் பக்கம் திரும்பினார். சீனாவுக்கு இறப்பர் தேவை. ஆனால் கொரியப் போரின் காரணமாக, சீனாவுக்கு இறப்பர் போன்ற போர்த்தேவைப் பொருட்களை விற்கக் கூடாது என்று 1951 இல் ஐக்கிய நாடுகள் சபை தீர்மானம் நிறைவேற்றியிருந்தது. இலங்கை அன்று அந்தச் சபையில் அங்கத்துவம் பெற்றிருக்கவில்லை. சோவியத் யூனியனின் எதிர்ப்பினால் வெளியே நிறுத்தப்பட்டு, 1955 இல்தான் உள்ளே போனது. வெளியே நிறுத்தப்பட்டதும் ஒரு விதத்தில் வசதியாகிவிட்டது.

1952 டிசெம்பரில் பீக்கிங் நகரில் ஐந்தாண்டு உடன்படிக்கை கைச்சாத்தானது. ஆண்டுதோறும் சீனா 270,000 தொன் அரிசி தரும். இலங்கை 50,000 தொன் இறப்பர் கொடுக்கும். இறப்பருக்குச் சந்தை விலையைவிடக் கூடிய விலை கொடுக்கவும் சீனா இணங்கியது. அமெரிக்கா தன் சட்டப்படி இலங்கைக்கு உதவி தருவதை மறுத்தது. 1956 வரை அந்த மறுப்பு நீடித்தது. ஆயினும் உடன்படிக்கை பல தடவை புதுப்பிக்கப்பட்டு ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் நிலைத்தது. சங்கக்கடையில் எமது மூத்தவர்கள் வாங்கிய கூப்பன் அரிசியில் ஒரு பங்கு இப்படி வந்ததுதான்.

வெளிநாட்டுக் கொள்கை என்பது தூதுவர்கள் விருந்துண்ணும் விடயம் என்று எண்ணுபவர்களுக்கு இது ஒரு நல்ல பாடம். கம்யூனிசத்தை வெறுத்த ஓர் அரசே கம்யூனிசச் சீனாவுடன் கைகுலுக்கியது. காரணம் கொள்கை மாற்றம் அல்ல, வாக்காளனின் சோற்றுப்பானை.

வாக்காளன் என்ற சொல்லைச் சற்றுக் கவனியுங்கள். அந்த இறப்பரின் பாலை வெட்டியவர்கள் யார்? களுத்துறை, இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களில் சிறுதோட்டம் வைத்திருந்த சிங்கள விவசாயிகளும், பெருந்தோட்டங்களில் கூலிக்கு நின்ற இந்திய வம்சாவளித் தமிழரும். 1948 இன் பிரஜாவுரிமைச் சட்டமும் அதைத் தொடர்ந்து வந்த தேர்தல் சட்டமும் இத்தமிழரில் மிகப் பெரும்பாலானோரின் வாக்குரிமையைப் பறித்தன. 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரசின் ஏழு பேர் பாராளுமன்றம் போனார்கள். 1952 தேர்தலில் ஒருவரும் இல்லை. நாட்டுக்குச் சோறு கொண்டுவந்த இறப்பரை வெட்டிய கைகள், அந்த ஆண்டிலேயே வாக்குச் சீட்டைத் தொட முடியாத கைகளாகிவிட்டன. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே போவோம்.

25 சதமும் 70 சதமும்

உடன்படிக்கை கைச்சாத்தாகி ஏழு மாதங்கள் கழிந்தன. கொரியப் போர்க் காலத்துக் காசு கரைந்துவிட்டது. அந்நியச் செலாவணிக் கையிருப்பு வற்றிக்கொண்டிருந்தது. நிதியமைச்சர் ஜே.ஆர். ஜெயவர்த்தனா 1953 யூலையில் ஒரு முடிவெடுத்தார். கொத்து 25 சதத்துக்கு விற்ற கூப்பன் அரிசி 70 சதமாக்கப்பட்டது. பாடசாலைப் பிள்ளைகளின் இலவச மதிய உணவு நிறுத்தப்பட்டது. புகையிரதக் கட்டணமும் தபால் கட்டணமும் ஏறின.

கணக்குப் புத்தகத்தில் பார்த்தால் அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. வெளியில் கூடிய விலைக்கு வாங்கி உள்ளே குறைந்த விலைக்கு விற்றால் திறைசேரி வற்றத்தான் செய்யும். ஆனால் ஒரு கூலியாளின் வீட்டுக் கணக்கு வேறு. ஒரே நாளில் அரிசியின் விலை ஏறத்தாழ மூன்று மடங்கானது. அவன் கூலி அப்படியே நின்றது.

1953 ஓகஸ்ட் 12 ஆம் திகதி இடதுசாரிக் கட்சிகளின் அழைப்பில் ஹர்த்தால் நடந்தது. கடைகள் பூட்டப்பட்டன, வண்டிகள் நின்றன, தண்டவாளங்கள் கழற்றப்பட்டன, வீதிகளில் மரங்கள் சரிக்கப்பட்டன. அவசரகாலச் சட்டம் பிறப்பிக்கப்பட்டது. துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. அமைச்சரவை, கொழும்புத் துறைமுகத்தில் நின்ற "நியூபவுண்ட்லாந்து" என்ற பிரித்தானியப் போர்க்கப்பலில் ஏறிக் கூடியது. சுதந்திர நாட்டின் அமைச்சர்கள், தம் சொந்த மக்களுக்குப் பயந்து பழைய எசமானின் கப்பலில் கூடினார்கள். ஒக்டோபரில் பிரதமர் டட்லி சேனநாயக்கா பதவி விலகினார். பின்னர் அரிசி விலையும் 70 சதத்திலிருந்து இறக்கப்பட்டது.

அன்று முதல் இலங்கை அரசியல்வாதிகள் எல்லோருக்கும் ஒரு பயம் பிடித்துக்கொண்டது. அரிசியில் கை வைத்தால் நாற்காலி போகும். 1966 இல் மீண்டும் பிரதமராக இருந்த அதே டட்லி, கிழமைக்கு இரண்டு கொத்து மலிவு அரிசி என்பதை ஒரு கொத்தாகக் குறைத்தபோது, அந்த ஒரு கொத்தை இலவசமாகக் கொடுத்துத்தான் குறைத்தார். அப்படியும் 1970 தேர்தலில், வெட்டப்பட்ட கொத்தைத் திருப்பித் தருவோம் என்று மேடை மேடையாகச் சொன்னவர்களே வென்றார்கள்.

கையெழுத்திடும் மேசையில் இல்லாதவர்கள்

அரசுகள் பயப்படும் மக்கள் இருந்தார்கள். பயப்படத் தேவையில்லாத மக்களும் இருந்தார்கள். அவர்களைப் பற்றிய முடிவு 1964 ஒக்டோபரில் புதுடில்லியில் எடுக்கப்பட்டது.

சிறிமாவோ பண்டாரநாயக்காவும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தத்தில் எண்ணப்பட்டவர்கள் 975,000 பேர். இவர்களில் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, மிகுதி 150,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்று எழுதிக் கையொப்பமிட்டார்கள். பிறகு பார்த்தது 1974 இல், சரிபாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். தொண்டமான் போன்ற மலையகத் தலைவர்களின் சம்மதம் கேட்கப்படவில்லை. இரு அயல்நாடுகள் தமக்குள் நல்லுறவைப் பேணிக்கொண்டன. விலையாகக் கொடுக்கப்பட்டது மனிதர்கள். இறப்பருக்கு அரிசி என்று தொன் கணக்கில் எழுதியது போலவே, இங்கே தலைக்கணக்கு எழுதப்பட்டது.

தலைமன்னாரில் கப்பலேறிப் போன குடும்பங்களில் பல, இந்திய மண்ணைக் கண்ணாலும் கண்டிராதவை. ஒரு வீட்டிலேயே அண்ணன் இந்தியப் பிரஜை, தங்கை இலங்கைப் பிரஜை என்று பிரிந்தார்கள். நாடற்றவராக இருப்பது எத்தகையது என்பதை அகதி விண்ணப்பப் படிவம் நிரப்பியபோதுதான் எம்மில் பலர் அறிந்தோம். அவர்கள் அதற்கு முப்பது, நாற்பது ஆண்டுகள் முன்னரே அறிந்துவிட்டார்கள்.

இரண்டு தோட்டங்கள்

இப்போது "சிறிமா காலம்" என்ற அந்தப் பேச்சுக்கு வருவோம்.

1970 இல் பதவிக்கு வந்த அரசுக்குத் தேயிலையிலும் இறப்பரிலும் வரும் காசு போதவில்லை. 1973 இல் எண்ணெய் விலை உலகெங்கும் ஏறியது. 1972 உடன் ஒப்பிட்டால் 1974 இல் அரிசியின் உலக விலை மூன்று மடங்குக்கு மேல் போய்விட்டது. அரசு இறக்குமதிகளை இறுக்கியது. 1960களில் தொடங்கிய கட்டுப்பாடு இப்போது முழுமையடைந்தது. வெளிநாட்டு மிளகாய், வெங்காயம், உருளைக்கிழங்கு வரத்து அடைபட்டது. கூப்பன் அரிசி குறைந்தது. ஒரு மாவட்டத்திலிருந்து இன்னொன்றுக்குச் சில கொத்துக்கு மேல் அரிசி கொண்டு போனால் குற்றம். பேருந்துகளை மறித்துப் பைகளைக் கிளறினார்கள். கிழமையில் சில நாட்களில் சாப்பாட்டுக் கடைகளில் சோறு விற்கத் தடை. விடியுமுன் பாணுக்கு வரிசை.

யாழ்ப்பாணத்தில் "தோட்டம்" என்றால் என்ன? சொந்தக் காணி, கிணறு, சூத்திரம், செம்மண். துலாவில் இறைத்தவன் நீர் இறைக்கும் இயந்திரம் வாங்கி, அதிகாலையில் வெங்காயத்துக்கு நீர் பாய்ச்சும் இடம். மலையகத்தில் "தோட்டம்" என்றால் என்ன? வேறொருவனின் காணி, லயத்துக் காம்பரா, பேர் பதிந்த கூலி. ஒரே சொல்தான், ஒன்றில் நீ உரிமையாளன், மற்றதில் நீயே தோட்டத்தின் உடைமை போல.

இறக்குமதி நின்றபோது முதல் தோட்டத்தில் பொன் விளைந்தது. சுன்னாகச் சந்தையிலிருந்து மிளகாயும் வெங்காயமும் லொறி லொறியாகத் தெற்கே போயின. விசுவமடு, முத்தையன்கட்டு போன்ற இடங்களில் படித்த வாலிபர் திட்டத்தின் கீழ்க் காணி பெற்ற இளைஞர்கள் மிளகாய்ச் செய்கையில் காசு கண்டார்கள். கல்வீடு எழும்பிய கதை இதுதான்.

அதே காலத்தில் இரண்டாவது தோட்டத்தில் என்ன நடந்தது? அங்கே நெல் விதைக்கக் காணி இல்லை. கொழுந்து பறித்த கூலியை அரிசியாகவும் மாவாகவும் மாற்றித்தான் உண்ண வேண்டும். கூப்பனில் கிடைத்தது குறைந்தது. வெளியில் விலை எட்டாத உயரம். 1974 இல் தோட்டப் பகுதிகளின் மரண வீதம் பாய்ந்தேறியது அரச பதிவுகளிலேயே இருக்கிறது. மலையகத் தமிழர் பலர் பசியால் வீதிக்கு வந்தார்கள். பலர் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் இறங்கினார்கள். யாழ்ப்பாணத்து மிளகாய்த் தோட்டங்களிலும் வீடுகளிலும் கூலி வேலைக்கு நின்ற மலையகப் பிள்ளைகளையும் எம்மில் மூத்தவர்கள் அறிவார்கள். அதை நாம் பேசுவது குறைவு. பேச வேண்டும்.

யாழ்ப்பாணத்துக் கதையும் முழுக்க இனிப்பானதல்ல. மிளகாய் விற்ற காசில் ரியூசனுக்குப் போன அதே வீட்டுப் பிள்ளை, 1970களின் தொடக்கத்தில் வந்த தரப்படுத்தலால் பல்கலைக்கழக வாசலில் மறிக்கப்பட்டான். ஒரு கொள்கை தகப்பனுக்குக் கொடுத்ததை இன்னொரு கொள்கை மகனிடமிருந்து பறித்தது.

1953 ஐயும் 1974 ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1953 இல் வாக்குள்ளவர்களின் அரிசி விலை ஏறியது; பிரதமர் பதவி விலகினார். 1974 இல் வாக்கற்றவர்கள் பட்டினியால் இறந்தார்கள். அமைச்சரவை எந்தக் கப்பலிலும் கூடவில்லை, எவரும் பதவி விலகவில்லை. தெற்கின் வாக்காளர்கள் பாண் வரிசையில் நின்ற கோபத்தை 1977 இல் தீர்த்துக்கொண்டபோது, சிறிமாவோவின் கட்சி எட்டு ஆசனங்களுக்குச் சுருங்கியது. தாங்கள் நின்ற வரிசைக்கு அவர்கள் கணக்குத் தீர்த்தார்கள். லயங்களில் விழுந்த சாவுக்குக் கணக்குக் கேட்க, பெரும்பாலான லயங்களில் வாக்குச் சீட்டு இருக்கவில்லை.

திறந்த கதவு

1977 இல் வென்ற ஜே.ஆர். ஜெயவர்த்தனா கதவைத் திறந்தார். நவம்பரில் ரூபாயின் பெறுமதி விழுந்தது. ஒரு டொலருக்கு 16 ரூபாய் என்றானது. இறக்குமதித் தடைகள் நீங்கின. கொழும்புக் கடைகள் நிரம்பின. பாண் வரிசை மறைந்தது. இதை நன்மை என்று சொன்னவர்கள் பொய் சொல்லவில்லை.

ஆனால் திறந்த கதவால் மிளகாயும் வெங்காயமும் கூட வந்தன. கடனுக்கு இயந்திரமும் உரமும் வாங்கிய செம்மண் விவசாயியின் விலை விழுந்தது. முந்திய அரசு கொடுத்ததை இந்த அரசு எடுத்துக்கொண்டது. இரண்டு தடவையும் அவனிடம் யாரும் கேட்கவில்லை. 1979 இல் கூப்பன் அரிசி முடிவுக்கு வந்து, வறிய குடும்பங்களுக்கு உணவு முத்திரை வந்தது. முத்திரையில் அச்சிட்ட தொகை அப்படியே இருக்க, கடையில் விலை ஏறிக்கொண்டே போனது. அரிசியில் கை வைத்து 1953 இல் சூடுபட்டவர், இம்முறை கொத்தைத் தொடாமல் காசின் பெறுமதியைக் கரையவிட்டார். வீதியில் மரம் சரிக்க எவருக்கும் ஒரு குறிப்பிட்ட நாள் கிடைக்கவில்லை.

எமது இளைஞர்கள் போராடப் போனது வெங்காய விலையால் என்று யாராவது சொன்னால் அது வரலாற்றைக் கொச்சைப்படுத்துவதாகும். 1977 இலும் 1983 இலும் நடந்த வன்முறைகளை எந்த விலைப்பட்டியலும் விளக்காது. ஆனால் தோட்டத்தில் நின்று பிழைக்கலாம் என்ற நம்பிக்கையும் அந்த ஆண்டுகளில்தான் தேய்ந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

தடைப்பட்டியல்

1990 யூனில் போர் மீண்டும் வெடித்த பின் வடக்கின் மீது விழுந்தது பொருளாதாரத் தடை. பெற்றோல், டீசல், உரம், சீமெந்து, இரும்பு, மின்கலம் என்று பட்டியல் நீண்டது. மண்ணெண்ணெய் எட்டாக்கனியானது. மின்சாரம் இல்லை. ஜாம் போத்தலில் சிறிது எண்ணெய் ஊற்றித் திரி போட்டுப் பிள்ளைகள் படித்தார்கள். சைக்கிளைக் கவிழ்த்து வைத்துச் சில்லைக் கையால் சுற்றி, டைனமோவில் வந்த மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்டார்கள். அப்படிச் செய்தி கேட்ட கைகள் சிலவே இன்று எமது நிலையத்திலும் குமிழ்களைத் திருகுகின்றன.

அது போர்த் தந்திரம் என்று அரசு சொன்னது. ஆயினும் உரத்தைத் தடுத்தால் பயிர் காயும் என்பதும், பயிர் காய்ந்தால் குழந்தை பசிக்கும் என்பதும் எந்த அமைச்சருக்கும் தெரியாததல்ல. அந்த மக்களின் வாக்கை நம்பி எந்தக் கொழும்பு அரசும் இருக்கவில்லை. தடை 2002 போர்நிறுத்தத்தோடுதான் பெரும்பாலும் தளர்ந்தது. 2006 ஓகஸ்டில் ஏ-9 பாதை மூடப்பட்டபோது குடாநாட்டில் மீண்டும் வரிசை, மீண்டும் யானை விலை.

வரிசை கொழும்புக்கு வந்தபோது

2019 இன் கடைசியில் இலங்கையின் புதிய அரசு வரிகளைப் பெருமளவு குறைத்தது. பெறுமதி சேர் வரி 15 வீதத்திலிருந்து 8 வீதமானது. திறைசேரிக்கு வரவேண்டிய காசு குறைந்தது. பெருந்தொற்றில் உல்லாசப் பயணிகள் வராமல் டொலரும் வற்றியது. 2021 இல் இரசாயன உர இறக்குமதி ஒரே இரவில் தடைசெய்யப்பட்டது. 1990களில் வடக்குக்கு மட்டும் இருந்த உரத்தடை இப்போது முழுத் தீவுக்கும். அதே ஆண்டு நவம்பரில் தடையைத் திரும்பப் பெற்றபோது காலம் கடந்துவிட்டது; அடுத்து வந்த பெரும்போக விளைச்சல் வீழ்ந்தது.

2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அரசு அறிவித்தது. சுதந்திரத்துக்குப் பின் முதல் தடவையாக அப்படி நடந்தது. செப்டெம்பரில் கொழும்பு விலைச்சுட்டியின்படி பணவீக்கம் ஏறத்தாழ 70 வீதம், உணவுக்கு மட்டும் 95 வீதத்தை அண்மித்தது. எரிவாயுவுக்கும் பெற்றோலுக்கும் கிலோமீற்றர் கணக்கில் வரிசை. அந்த ஆண்டு மார்ச்சில் வடக்கிலிருந்து சில குடும்பங்கள் படகேறித் தனுஷ்கோடிக் கரையில் இறங்கின. குண்டுக்குத் தப்பி ஓடியவர்களின் பாதையில் இம்முறை அரிசி விலைக்குத் தப்பி ஓடினார்கள். யூலையில் சனாதிபதி நாட்டைவிட்டுப் போய்ப் பதவி விலகினார்.

வாக்குள்ளவர்களின் பானை கவிழ்ந்தபோது அரசும் கவிழ்ந்தது. 1953 இன் பாடம் மீண்டும் எழுதப்பட்டது.

இந்தக் கதையில் நாமும் வெறும் பார்வையாளர் அல்ல. 2021 இல் மத்திய வங்கி டொலரின் விலையை 200 ரூபாய் அளவில் பிடித்து வைத்தபோது, உண்டியல்காரன் அதைவிடக் கூடக் கொடுத்தான். ஊருக்குக் காசு அனுப்பிய உலகெங்கும் உள்ள தொழிலாளர்கள் வங்கியைவிட்டு உண்டியலுக்குப் போனார்கள். 2020 இல் வங்கிகள் ஊடாக 7 பில்லியன் டொலருக்கு மேல் வந்த பணம், 2022 இல் 4 பில்லியனுக்கும் கீழே விழுந்தது. கொழும்பில் எடுத்த ஒரு முடிவு, கடல் கடந்து தொழிற்சாலையில் இரவு வேலை செய்பவனின் நூறு டொலர் எந்த வழியால் போக வேண்டும் என்பதையும் தீர்மானித்தது. 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியத்தின் ஏறத்தாழ 3 பில்லியன் டொலர் கடனுக்கு ஒப்புதல் கிடைத்தது. அதன் நிபந்தனைகளுக்குள் வரியும் வந்தது. 2024 சனவரியில் பெறுமதி சேர் வரி 18 வீதமானது. சவர்க்காரம் வாங்கும் ஒவ்வொருவரும் அந்தக் கடனைக் கட்டத் தொடங்கினார்கள்.

நாம் கேட்க வேண்டிய கேள்வி

இந்த வரலாற்றிலிருந்து "எல்லா அரசும் கள்ளர்" என்ற முடிவுக்கு வருவது சுலபம். அது எமக்கு ஒன்றுக்கும் உதவாது. 1952 இன் சீன உடன்படிக்கை நல்ல முடிவு. இலட்சக்கணக்கானோருக்குச் சோறு போட்டது. 1953 இல் திறைசேரி உண்மையிலேயே வற்றியிருந்தது. 1970களில் உலக விலையை ஏற்றியது சிறிமாவோ அல்ல. கெட்ட காலம் எல்லா அரசுகளுக்கும் வரும். அந்தக் காலத்தின் சுமையை யாருடைய தலையில் ஏற்றுவது என்பதைத்தான் அரசு தெரிவு செய்கிறது. இலங்கையில் அது பெரும்பாலும் திருப்பி அடிக்க முடியாதவன் தலையிலேயே ஏறியது.

நாம் இன்று வாழும் நாட்டிலும் வரவு செலவுத் திட்டம் ஆண்டுதோறும் வருகிறது. வெளிநாட்டு உதவி வெட்டப்படுகிறது, அகதிகளின் கொடுப்பனவு குறைக்கப்படுகிறது, எங்கோ ஒரு நாட்டின் மீது பொருளாதாரத் தடை விதிக்கப்படுகிறது. செய்தியில் அது அரை நிமிடம். அந்த அரை நிமிடத்தில் நாம் கேட்க வேண்டிய கேள்வி, "எனக்கு இலாபமா நட்டமா" என்பது மட்டுமல்ல. இந்தச் சுமை வாக்கில்லாத யாருடைய பானையில் விழப்போகிறது என்பதையும் கேட்க வேண்டும். வாக்கில்லாமல் இருந்து, மேசையில் இடமில்லாமல் இருந்து, தடைப்பட்டியலைச் சுமந்து வந்தவர்கள் நாம். இன்று எம்மில் பெரும்பாலானோரின் கையில் வாக்குச் சீட்டு இருக்கிறது.

பிள்ளைகளிடம் ஒரு வேண்டுகோள். இந்தக் கிழமை வீட்டில் அம்மம்மாவிடமோ தாத்தாவிடமோ கேளுங்கள்: "உங்கள் வீட்டுக் கூப்பன் எத்தனை பேருக்கு? கிழமைக்கு எத்தனை கொத்து? அது குறைந்த ஆண்டில் நீங்கள் என்ன சாப்பிட்டீர்கள்?" வரலாற்றுப் புத்தகத்தில் இல்லாத பதில்கள் வரும். கேட்டதை எழுதி எமது நிலையத்துக்கு அனுப்புங்கள். வரும் மாதங்களில் வானலையில் வாசிப்போம். மலையகத்து வீடுகளிலிருந்தும் செம்மண் வீடுகளிலிருந்தும் வன்னியிலிருந்தும் கிழக்கிலிருந்தும் வரும் பதில்கள் ஒன்றுக்கொன்று முரணாக இருந்தால் அஞ்ச வேண்டாம். அவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசிக்கும்போதுதான் எமது வரலாறு முழுமையாகத் தெரியும்.